ஐந்து மோட்டரும் ஒரு பங்குக் கிணறும்: ஓர் ஒழுங்கையின் கோடைக்கணக்கு

2023 ஆவணி. நல்லூர் கொடியேறி நாலைந்து நாள் இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி காலைத் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை முற்றத்தில் ஊற்றினார். பூவரச வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைக் கண்டதும், "சீனி போட்ட தேத்தண்ணி உப்புக் கரிச்சால் என்ன பிள்ளை செய்யிறது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் மேலே தாங்கியில் கிடந்து, வடிகட்டியில் இறங்கி வருவது. ஆச்சியின் தண்ணீர் கிணற்றிலிருந்து வாளியில் அள்ளி நேரே கேத்தலுக்குள் போவது. அதனால் சவர் தட்டியது முதலில் அவருக்குத்தான் தெரிந்தது.

அந்தத் தேத்தண்ணியில் தொடங்கி இரண்டு கோடை எங்கள் ஒழுங்கையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊரையும் ஆட்களையும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், சிவத்த மண் பக்கம், கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றரில் இருக்கும் ஓர் ஒழுங்கை என்பது போதும். ஏழு வீடுகள், ஒரு பங்குக் கிணறு. ஐந்து வீட்டு மோட்டர் அந்தக் கிணற்றுக்குள் குழாய் விட்டிருக்கிறது. ஆச்சிக்கு மோட்டர் இல்லை, கப்பியும் வாளியும்தான். ஏழாவது வீட்டுக்காரர் தன் வளவுக்குள் குழாய்க்கிணறு அடித்துத் தனியே போனவர். ஒழுங்கைக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம், அதற்குத் தனிக் கிணறு.

கீழே என்ன இருக்கிறது

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறது, மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக்காற்றோடு வரும் மழைதான் ஆண்டு முழுக்கக் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் இறைப்பதற்கும். அந்த மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லுக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறதென்று தெரியும். பார்க்காதவர்கள் கீரிமலைக் கேணியில் குளித்திருப்பார்கள். அதுவும் இதே கல் விடுகிற ஊற்றுத்தான்.

சிக்கல் என்னவென்றால் இந்த நன்னீர் எதன் மேலும் உட்கார்ந்திருக்கவில்லை, மிதக்கிறது. கீழே கடல் உவர். நன்னீர் இலேசு, உவர் பாரம், அதனால் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது பழைய நீரியல் கணக்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே 1 அடி போனால் கீழே 40 அடி உவர் ஏற இடம் கிடைக்கும். அது ஒரே நாளில் நடக்காது. ஆனால் மோட்டர் உறிஞ்சும் இடத்துக்கு நேர் கீழே, உறிஞ்சுகிற வேகத்துக்கு ஏற்ப, உவர் ஒரு கூம்பு மாதிரி எழும்பி வரும். மோட்டரை நிறுத்தினால் மெல்ல மெல்லத்தான் இறங்கும். எழும்புகிற அவசரம் இறங்கும்போது இருக்காது.

ஆகவே இங்கே எவ்வளவு எடுக்கிறோம் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. சேமியுங்கள், குறையுங்கள் என்று எழுதுகிறவர்களும் அதிகம் சொல்வதில்லை.

பழைய ஆட்கள் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் அல்லர். படிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஆடுகாலும் துலாவும், துலாக்கொடியும், பனையோலைப் பட்டையும் இருந்த காலத்தில் ஒருவர் துலா மிதிக்க இன்னொருவர் பட்டையைப் பிடிக்க, காலும் கையும் ஓய்ந்தால் இறைப்பும் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் ஊற்று நிரப்பிவிடும். பங்குக் கிணறு என்றால் காணி உறுதியிலேயே பங்கு எழுதப்பட்டிருக்கும், வழிவாய்க்கால் உரித்தோடு. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. முறை தப்பினால் சண்டை, சண்டை முற்றினால் வழக்கு. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வாய்க்கால் வழக்கில் வளவு அழிந்த குடும்பங்கள் இருந்த ஊர் இது. அதைவிட, எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம் என்று சாதி தீர்மானித்த காலமும் அதுதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருந்தது. மோட்டர் வந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போனது. 1990க்குப் பிறகு மின்சாரம் அறுந்த ஆண்டுகளில் வாளி திரும்பி வந்தது, அப்புறம் மின்கம்பி வந்ததும் வாளி மறுபடி போய்விட்டது.

முடிச்சுக் கயிறு

ஆச்சியின் தேத்தண்ணி விஷயம் இரண்டு நாளில் ஒழுங்கை முழுக்கப் பரவியது. கிணற்றுக்கட்டில் ஒரு கூட்டம் போட்டோம். கூட்டம் என்றால் வேறொன்றுமில்லை, ஆறு வீட்டாரும் ஆளை ஆள் குற்றம் சொன்னது. வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்கள்தான் காரணம் என்றார் ஒருவர். உண்மைதான், மூன்று வீட்டில் விருந்தாளிகள், ஒருவர் பிள்ளைகளோடு கனடாவிலிருந்து. யாழ்ப்பாணத்தில் கிணறு அடிமட்டத்துக்குப் போகிற மாதமும், சனம் வந்து நிறைகிற மாதமும் ஒன்றே. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, முருகனையும் குற்றம் சொல்ல முடியாது.

சண்டைக்கு நடுவே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எங்கள் ஒழுங்கையில் அவரை எல்லாரும் வாத்தியார் மாமா என்போம், ஒரு நைலோன் கயிறு கொண்டுவந்தார். நுனியில் ஒரு ஈயக்குண்டு, ஒவ்வொரு அரை அடிக்கும் ஒரு முடிச்சு. "கதையை விடுங்கோ, அளப்பம்" என்றார்.

அளந்தோம். கிணற்றின் விட்டம் 12 அடி. விடிய ஐந்து மணிக்கு ஒரு அளவு, ஏழு மணிக்கு ஒரு அளவு. மூன்று நாள் இதைச் செய்ததில் கதை வெளித்துவிட்டது. ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் ஐந்து மோட்டரும் ஒன்றாக ஓடுகின்றன. எல்லா வீட்டுத் தாங்கியும் 1,000 லீற்றர், எல்லாரும் விடிய நிரப்புகிறவர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஒரு முழம் இறங்குகிறது. மத்தியானம்தான் திரும்ப ஏறுகிறது, அதுவும் முழுதாக இல்லை. ஆச்சி அள்ளுவது ஏழு மணிக்கு, அதாவது ஐந்து மோட்டரும் இழுத்து முடித்து, அடியில் கிடந்தது மேலே வந்து நிற்கும் நேரம். ஐந்து மணிக்கு அள்ளிய தண்ணீரில் தேத்தண்ணி போட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது.

கருவி என்று ஒன்று கிடைத்ததும் எல்லாருக்கும் விஞ்ஞானி ஆகிவிட ஆசை. வாத்தியார் மாமா ஒரு சீஆர் கொப்பி வாங்கி, தேதி போட்டு, கோடு கீறினார். அந்தக் கொப்பி இப்போதும் ஓடுகிறது. கறையான் தின்ற மட்டை மட்டும் மாறியிருக்கிறது.

முறை திரும்பியது, அரைகுறையாக

முடிவுகள் மூன்று. ஒரே நேரத்தில் ஒரு மோட்டர்தான் ஓடலாம், ஒரு தடவைக்குக் கால் மணி. தாங்கியை விடிய முழுதாக நிரப்பாமல் காலை அரை, பின்னேரம் அரை. மூன்றாவது, கிணற்றுக்குள் கிடந்த ஃபுட் வால்வுகளை, அதாவது குழாய் தண்ணீரை உறிஞ்சும் நுனிகளை, கிணற்றின் அடியிலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டுவது. இந்த மூன்றாவதைச் சொன்னவர் மோட்டர் திருத்த வரும் தம்பி. "அடியிலை விட்டால் அடித்தண்ணிதான் வரும், பிறகேன் சவர் எண்டு அழுகிறியள்?" என்று கேட்டார். ஐந்து வீட்டுக் குழாயையும் ஒரு பின்னேரத்தில் உயர்த்தினார். எங்கள் முழு முயற்சியிலும் காசுக்கு அதிகப் பலன் தந்த வேலை இதுதான் என்பது என் எண்ணம். உயர்த்திக் கட்டினால் இன்னொரு நன்மை, தண்ணீர் அளவுக்கு மீறி இறங்கினால் மோட்டர் காற்றை இழுத்துச் சத்தம் போடும். அது எங்கள் அலாரம்.

இப்போது ஒரு முறைக்குத் தண்ணீர் மூன்று விரல்தான் இறங்கியது. அடுத்த வீட்டு முறை வருமுன் அதில் பாதி ஏறிவிடும்.

தாங்கி நிரம்பி வழிவதையும் நிறுத்தினோம். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். மணிக்கு 2,000 லீற்றர் தள்ளும் மோட்டரைப் பத்து நிமிடம் மறந்தால் 300 லீற்றருக்கு மேல் கூரையில் போகும். ஐந்து பேர் வாளியில் குளிக்கிற தண்ணீர் அது. மிதவை சுவிச்சு பூட்டிய வீடு இரண்டு. மற்ற வீடுகளில் வழிகிற குழாயை நீட்டி, விழுகிற இடத்தில் ஒரு தகரத்தை வைத்தோம். தகரத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். வழிந்தால் மானம் போகும்.

அப்புறம் வீட்டுக்குள் செய்தவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு, கிணற்றடித் தண்ணீர் வாழைப்பாத்திக்கு, குளிப்பதற்கு ஷவருக்குப் பதில் வாளி. எங்கள் நான்கு பேருக்கும் முன்பு ஒரு தாங்கிக்கு மேல் போனது, இப்போது பெரும்பாலான நாட்களில் அரைத் தாங்கிக்குக் கொஞ்சம் கூட. இதில் பாதிப் பங்கு கழிப்பறை சிஸ்டனுக்குள் வைத்த இரண்டு தண்ணீர்ப் போத்தல்களுக்கும், ஒழுகிக் கிடந்த ஒரு பைப்புக்கு மாற்றிய வாசருக்கும் உரியது. ஒழுக்கம் என்று நான் பெருமைப்பட்டதில் பாதி ரப்பர் வளையம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். முதல் இரண்டு மாதமும் குறைத்தது பெண்கள். சட்டி கழுவுகிற தண்ணீர், உடுப்புத் தோய்க்கிற நாள், முற்றம் தெளிப்பது என்று எல்லா விதியும் குசினியையும் கிணற்றடியையும் நோக்கியே போனது. கூட்டத்தில் விதி போட்ட ஆண்கள் பின்னேரம் மோட்டர்சைக்கிளுக்கு ஹோஸ் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றிருக்கிறேன். இரண்டாம் வீட்டு அக்கா கொப்பியை வாங்கி அதில் ஒரு பத்தி கூட்டினார்: வாகனம் கழுவியது, யார், எத்தனை நிமிடம். ஒரு கிழமை எழுதினார். அதற்குப் பிறகு அந்தப் பத்தி காலியாகவே இருந்தது, எழுத ஒன்றும் இல்லாததால்.

குழாய்க்கிணற்று வீடு

ஏழாம் வீட்டண்ணை எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. புல்லுப் பதித்த முற்றம், பின்னேரம் சுழன்று தெளிக்கும் கருவி. கேட்டபோது, "என்ரை வளவு, என்ரை தண்ணி, என்ரை கரண்ட்" என்றார். அவர் வாயை அடைக்க எங்களிடம் ஒன்றுமில்லை. வேலி மேலே இருக்கிறது, கல்லுக்குள் வேலி இல்லை என்று வாத்தியார் மாமா விளக்கிப் பார்த்தார். அண்ணை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தேத்தண்ணி தந்து அனுப்பினார்.

புரட்டாதியில் அவருடைய தண்ணீர் சவராகியது. இதில் தெய்வச் செயல் ஒன்றுமில்லை. அவருடைய குழாய் எங்கள் கிணற்றைவிட ஆழம். ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் என்று அடித்தவர் சொல்லியிருக்கிறார். மிதக்கிற தண்ணீரில் ஆழம் போனால் உவருக்குக் கிட்டப் போகிறோம் என்பதை யாரும் சொல்லவில்லை. புல்லு கருகியது. அவருடைய மனைவி குடத்தோடு பங்குக் கிணற்றடிக்கு வந்தார்.

அன்றைக்கு நடந்த வாக்குவாதம் எனக்கு மறக்காது. முறைக்கு வராதவருக்குத் தண்ணீர் என்ன முறையில் என்று கேட்டவர்கள் இருந்தார்கள், அவர்கள் கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆச்சி தன் வாளியாலேயே அள்ளி அந்தக் குடத்தை நிரப்பினார். "தண்ணிக்கு இல்லையெண்டு சொல்லுறேல்லை" என்றார். பிறகு குடத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டே, "உன்ரை மனுசனை நாளைக்குக் கூட்டத்துக்கு வரச்சொல்லு பிள்ளை" என்றும் சொன்னார். அண்ணை வந்தார். முறைக்குச் சம்மதித்தார், புல்லுக்குச் சம்மதிக்கவில்லை. மாரி வந்ததும் தன் குழாய்க்குத் திரும்பிவிட்டார். அடுத்த கோடையில் மறுபடி குடம் வந்தது. இதை வெற்றி என்றும் தோல்வி என்றும் எழுத எனக்கு முடியவில்லை.

வெங்காயத் தோட்டக்காரரிடமும் போனோம். வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுப்பதைவிட அவருடைய ஓர் இறைப்பு பெரிது, யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரில் பெரும்பங்கு தோட்டத்துக்கே போகிறது. "நீங்கள் குளிக்கிறதை நிப்பாட்டுங்கோ, நான் வெங்காயத்தை நிப்பாட்டுறன்" என்று சிரித்தார். பிறகு தானாகவே ஒன்று சொன்னார்: உச்சி வெயிலில் இறைப்பதை விட்டுப் பொழுதுபட்ட பிறகு இறைக்கிறேன், எனக்கும் மண் ஈரம் நிற்கும். நாங்கள் அவரிடம் கேட்க வேண்டிய இன்னொன்று பசளை. பயிருக்கு மிஞ்சிப் போடுகிற யூரியா நைத்திரேற்றாகி இதே கல்லுக்குள் இறங்குகிறது, எங்கள் மலக்குழிகளிலிருந்து இறங்குவதோடு சேர்ந்து. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்தின் பல கிணறுகளில் அது தாண்டியிருப்பது பல காலமாக அளந்து சொல்லப்பட்டது. உப்பை நாக்கு கண்டுபிடிக்கும், நைத்திரேற்றைக் கண்டுபிடிக்காது. அவரிடம் அதை எப்படிக் கேட்பதென்று தெரியாமல் திரும்பிவிட்டோம், எங்கள் மலக்குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார்.

மழை வந்தபோது செய்த பிழை

1,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 4,500 லீற்றருக்கு மேல் விழும். இந்தக் கணக்கைப் போட்டதும் எங்களுக்குத் தலைகால் தெரியவில்லை. 2023 ஐப்பசியில், முதல் மழைக்கு முன், எங்கள் வீட்டுப் பீலியிலிருந்து ஒரு பீவிசி குழாயை நேரே கிணற்றுக்குள் விட்டோம். யோசனை என்னுடையது.

முதல் மழை பெய்தது. கோடை முழுக்க ஓட்டில் சேர்ந்த தூசி, வேப்பஞ்சருகு, புறா எச்சம், செத்த ஓணான் ஒன்று, எல்லாம் கிணற்றுக்குள் போனது. மூன்றாம் நாள் மணந்தது. ஏழு வீட்டாரும் இரண்டு நாள் கடைப் போத்தல் தண்ணீர் குடித்தார்கள். கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் குளோரின் போட்டு, கட்டைத் தேய்த்துக் கழுவினோம். செலவு முழுக்க என் கையிலிருந்து. அதைவிட, வெளியே இறைத்துக் கொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் பெரிய தண்டனை.

பிறகு திருத்தினோம். முதல் இரண்டு மழையை வெளியே விடுவது. அடுத்து வருவதைக் கிணற்றுக்குள் விடாமல், பதினைந்தடி தள்ளி வெட்டிய குழிக்குள் விடுவது. குழியில் கீழே பெருங்கல், மேலே சல்லி, அதற்கு மேலே மணல். மலக்குழிக்கு எதிர்ப்பக்கமாக இடம் பார்த்தோம். சுண்ணாம்புக் கல் மண் மாதிரி வடிகட்டித் தராது, கொடுத்ததை அப்படியே கொண்டுபோகும். அதனால் மணல் கட்டாயம், ஆண்டுக்கு ஒரு தடவை மேல்மணலை மாற்றுவதும் கட்டாயம். இப்போது நான்கு வீட்டில் இந்தக் குழி இருக்கிறது.

ஆனால் நான்கு குழி எந்த மூலைக்கு? இப்போது மழை வருகிற விதம் வேறு. முன்பு மாரி என்றால் கிழமைக் கணக்கில் விட்டு விட்டுப் பெய்யும். இப்போது பொழிகிறதெல்லாம் ஒரு தாழமுக்கத்தில் இரண்டு மூன்று நாளுக்குள் பொழிந்துவிடுகிறது. 2016, 2017இல் வடக்கே காய்ந்து கிடந்தது. 2024 கார்த்திகையில் ஃபெங்கல் புயல் வந்தபோது இதே குடாநாட்டில் வீடுகளுக்குள் வெள்ளம் நின்று சனம் பள்ளிக்கூடங்களில் தங்கியது. அந்த வெள்ளம் நிலத்துக்குள் இறங்கியிருந்தால் இரண்டு கோடைக்குக் காணும். இறங்க இடம் எங்கே? எங்கள் ஒழுங்கையைக் கொங்கிறீட் போட்டுத் தாருங்கள் என்று கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். குளங்கள் தூர்ந்தன, சில குளத்தின் மேல் கடை நிற்கிறது. தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கடலுக்குப் போகிறது.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. அதற்கு முன் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பில் நின்றது. அவர்கள் வயலுக்கே காணாத ஆண்டுகளில் எங்கள் முற்றத்துப் புல்லுக்கு யார் தருவார்கள்? குழாய்த் தண்ணீர் வரப்போகிறதாம் என்ற பேச்சு வந்ததும் ஒழுங்கையில் இருவர் முறையைத் தளர்த்தினார்கள், பின்னேர மோட்டர் விடியலுக்கே திரும்பியது. கடலில் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு மாதாமாதம் காசு வேண்டும். காலடியில் மழை இலவசமாகச் செய்து வைக்கிற வேலை அது. குழாய் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடலோரத்திலும் தீவிலும் தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிறவர்களுக்கு அது முதலில் போகட்டும்.

இந்த ஆவணி

இப்போது 2025 ஆவணி. மூன்றாம் வீட்டில் கலியாணம், 300 பேருக்குச் சாப்பாடு. சமையல் வளவுக்குள்தான் என்று பிடிவாதம். கிணற்றில் இன்றைய அளவு போன ஆண்டு இதே நாளைவிட ஒரு முடிச்சு கீழே. நேற்றுப் பின்னேரம் கிணற்றுக்கட்டில் மறுபடி கூடினோம். இரண்டு பவுசர் வெளியிலிருந்து எடுப்பது, சட்டிபானையை வாடகைக்குத் தருகிறவர்களே தங்கள் இடத்தில் கழுவுவது, வாழையிலை போட்டுப் பரிமாறுவது என்று மூன்றாம் வீட்டு மாமி ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். கை கழுவும் இடத்தில் பைப்பா, சொம்பா என்பதில் மட்டும் இழுபறி. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது மாமியின் கவலை. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் முடிச்சுக் கயிற்றை மடியில் வைத்து, கழன்று போயிருந்த நான்காவது முடிச்சை இறுக்கிக் கொண்டிருந்தார்.